35 வாரத்துல பொறந்த பையன், 7 மாசம் ஆகியும் உக்கார மாட்டேங்கிறான், எந்த வயச கணக்கு வெச்சுக்கணும்?

பனித்துளி:

வணக்கம் தோழிகளே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவ, நீளமா போயிடுச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

பையன் 35 வாரம் 2 நாள்ல பொறந்தான். பனிக்குடம் தானா உடைஞ்சிடுச்சு, காரணம் யாருக்கும் தெரியல. வெயிட் 2.3 கிலோ. மூச்சுப் பிரச்சனை ஒண்ணும் இல்ல, மஞ்சள் காமாலைக்கு ரெண்டு நாள் லைட்ல வெச்சாங்க, பால் குடிக்க தான் படாத பாடு பட்டான், நாலு தடவ உறிஞ்சுவான் உடனே தூங்கிடுவான். 5 நாள்ல வீட்டுக்கு வந்துட்டோம்.

இப்ப 7 மாசம் 10 நாள். கழுத்து 4 மாசம் முடியுறப்போ நின்னுச்சு. குப்புற விழுறான், ஆனா வலது பக்கமா மட்டும்தான், அந்தப் பக்கம் ஏதாவது தடுப்பு இருந்தா அப்படியே விட்டுடுவான், இடது பக்கம் முயற்சி கூட பண்றதில்ல. உக்கார வெச்சா ஒண்ணு முன்னாடி மடங்கி மூக்கு தரையில இடிக்கும், இல்லனா பின்னாடி வில்லு மாதிரி வளைஞ்சு சாஞ்சிடுவான். ஆனா அக்குள்ல புடிச்சு நிக்க வெச்சா காலை நல்லா ஊனி விறைப்பா நிக்கிறான், சிரிப்பு வேற. பாக்குறவங்க எல்லாம் "காலு எவ்ளோ பலம் பாரு, இவன் உக்காராமயே நடந்துடுவான்"ங்கிறாங்க. பொம்மைய டக்குனு வலது கையால புடிச்சிடுவான், இப்பவே வலது கைக்காரன்னு எங்க வீட்டுக்காரருக்கு பெருமை. மத்தபடி சிரிப்பு, சத்தம், ஆள் அடையாளம் எல்லாம் நல்லா இருக்கு.

எங்க அம்மா "குறைமாசக் குழந்தை, எல்லாம் மெதுவாத்தான் வரும், போட்டு நச்சரிக்காத"ங்கிறாங்க. மாமியார் "அஞ்சு வாரம் எல்லாம் குறைமாசமா, 7 மாசக் குழந்தை உக்காரணும்ல"ங்கிறாங்க. நாத்தனார் பையன் இவன விட மூணு வாரம் சின்னவன், அவன் உக்காந்து கைதட்டுறான், அந்த வீடியோ வர்றப்போ எல்லாம் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது. டாக்டர் கிட்ட தடுப்பூசிக்கு போனப்போ கேட்டேன், அவன கையில வாங்கி கூட பாக்கல, ப்ரீடெர்ம் தானே 9 மாசத்துல பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க.

எனக்கு தெரிய வேண்டியது ரெண்டுதான். 35 வாரத்துக்கு எல்லாம் இந்த கரெக்டட் ஏஜ் கணக்கு, அதான் சீக்கிரம் பொறந்த நாள கழிச்சுட்டு வயசு பாக்குறது, உண்டா இல்லயா? 9 மாசம் வரைக்கும் சும்மா இருக்கலாமா?

ரெட்டைவால் அம்மா:

முதல்ல அந்த வீடியோவ மியூட் பண்ணுங்க தாயே.

கணக்கு உண்டு. 37 வாரம் முடியாம பொறந்தா குறைமாசம்தான், 34ல இருந்து 36 வாரம் 6 நாள் வரைக்கும் லேட் ப்ரீடெர்ம்னு சொல்வாங்க, உங்க பையன் அதுல வர்றான். 40 வாரத்துல இருந்து 35 வாரம் 2 நாள கழிங்க, 4 வாரம் 5 நாள், அதாவது 33 நாள். 7 மாசம் 10 நாள்ல 33 நாள் போனா 6 மாசம் 7 நாள். அவன் உடம்ப பொறுத்தவரைக்கும் அவன் இன்னிக்கு ஆறு மாசக் குழந்தை. ரெண்டு வயசு வரைக்கும் இப்படி கழிச்சு பாருங்க, அதுக்கு மேல தேவையில்ல. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பொறந்த தேதிப்படி தான், நான் முதல்ல இதுல குழம்பி ஒரு ஊசிய தள்ளிப் போட்டு திட்டு வாங்கினவ.

நாத்தனார் பையன் நிறை மாசமா? அப்போ மூணு வாரம் சின்னவன்னு நீங்க நினைக்கிறது தப்பு, அவன்தான் உங்க பையனுக்கு 12 நாள் பெரியவன்.

என் ரெட்டையருங்க 34 வாரம். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே பால். ஒருத்தி 13 மாசத்துல நடந்தா, இன்னொருத்தி 17ல. ரெண்டாவது தவழவே இல்ல, உக்காந்த வாக்குல பின்பக்கத்தால தேச்சுகிட்டே வீடு முழுக்க போவா, டயப்பர் எல்லாம் ஒரு பக்கம் கிழியும். இப்ப ரெண்டும் ஓடுற ஓட்டத்துக்கு யாரு முதல்ல நடந்தான்னு நானே யோசிச்சு தான் சொல்லணும். அதனால கவலப்படாதீங்க.

வேகம்77:

நெட்ல படிச்சு படிச்சு தான் பயமே வருது. என் பையன் 36 வாரம், கரெக்டட் ஏஜ் மண்ணாங்கட்டி எதுவும் பாக்கல, 10 மாசத்துல நடந்தான். சக்கரம் வெச்ச வாக்கர்ல 6 மாசத்துல இருந்தே போட்டோம், கால் நல்லா பலமாச்சு. உங்க பையன் தான் நிக்கிறானே, வாக்கர் வாங்குங்க, மத்தது தானா வரும்.

தூக்கம் தொலைச்சவன்:

தோழிகளேன்னு ஆரம்பிச்சுட்டீங்க, தோழன் ஒருத்தன் வரலாமா :)

நம்ம பொண்ணு 34 வாரம் 6 நாள். 8 மாசம் வரைக்கும் ஒரு சுறுசுறுப்பே இல்ல, படுக்க வெச்சா படுத்தபடி இருப்பா, சமத்துக் குழந்தைன்னு நாங்க வேற மெச்சிக்கிட்டு இருந்தோம். ரத்தம் பாத்தா இரும்புச் சத்து தரை தட்டி கிடக்கு. குழந்தைக்கு வேண்டிய இரும்பு சேமிப்பு அம்மா வயித்துல கடைசி மூணு மாசத்துல தான் பெருசா சேருதாம், சீக்கிரம் பொறந்தா அந்த சேமிப்பு பாதியில நிக்குது, பொறந்தப்புறம் வேகமா வளர வளர இருக்கிறதும் காலி. அதனாலதான் குறைமாசக் குழந்தைகளுக்கு ஒரு மாசத்துல இருந்தே இரும்பு சொட்டு மருந்து எழுதிக் குடுக்கறாங்க. எங்களுக்கும் குடுத்தாங்க, மலம் கருப்பா போகுதுன்னு பயந்து நாங்களே நிறுத்திட்டோம், டாக்டர் கிட்ட கேக்கவும் இல்ல. அந்த மருந்துக்கு கருப்பா தான் போகும்னு அப்புறம் தான் தெரிஞ்சது. முழுசா எங்க முட்டாள்தனம். மறுபடி ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணரை மாசத்துல பொண்ணு வேற ஆளு. உங்களுக்கு சொட்டு மருந்து போய்ட்டிருக்கா? அளவு டாக்டர் வெயிட் பாத்து தான் சொல்லணும், இங்க யாரும் சொல்றத கேட்டு ஊத்தாதீங்க.

பாய்விரிச்சவ:

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். இங்க எழுதுறது பரிசோதனை ஆகாது, உங்க பையன நான் பாக்கல, அத மனசுல வெச்சுகிட்டு படிங்க.

முதல்ல வேகம்77க்கு. சக்கர வாக்கர் வேண்டாம். படிக்கட்டுல உருண்ட குழந்தைங்க, சூடான பாத்திரத்த எட்டி இழுத்த குழந்தைங்கன்னு விபத்து கொஞ்ச நஞ்சமில்ல, கனடாவுல 2004லயே விக்கறதுக்கே தடை போட்டுட்டாங்க. நடக்கறதும் அதால சீக்கிரம் வராது. உங்க பையன் வாக்கர் இருந்தும் 10 மாசத்துல நடந்தான்னு வெச்சுக்கோங்க.

பனித்துளி, எல்லாரும் கால் பலம்னு சொல்றாங்களே அந்த விறைப்ப பத்தி கொஞ்சம் சொல்றேன். வயித்துல கடைசி அஞ்சாறு வாரம் குழந்தைக்கு இடமே பத்தாது, முட்டி வயித்தோட, தாடை நெஞ்சோட, கை மடங்கி வாய்கிட்ட, அப்படியே சுருட்டி வெச்ச மாதிரி தான் இருக்கும். அந்த நெருக்கடிதான் அதோட முதல் எக்சர்சைஸ். உதைச்சா சுவர் திருப்பித் தள்ளும், மடங்கி இருக்கிற தசைங்களுக்கு வேலை கிடைக்கும். நிறை மாசக் குழந்தைய படுக்க வெச்சா கைகால் மடங்கியே இருக்கும், நீட்டி விட்டா திரும்ப சுருங்கிக்கும் பாத்திருப்பீங்க. 35 வாரத்துல வெளிய வந்த குழந்தைக்கு அந்தச் சுருட்டல் முழுசா கிடைக்கல, இடமும் போச்சு, அது போக புவியீர்ப்பு வேற, அதனால கைகால் விரிஞ்சு, தோள் பின்னாடி இழுத்து, முதுகு நிமிந்து படுத்திருக்கும். மூளையும் அந்த வாரங்கள்ல தான் வேகமா வளருது, 34 - 35 வாரத்துல அதோட எடை நிறை மாச எடையில மூணுல ரெண்டு பங்கு தான். அஞ்சு வாரம் எல்லாம் ஒரு கணக்கான்னு கேக்குற மாமியாருக்கு இத சொல்லிப் பாருங்க.

இப்படிப் பட்ட குழந்தைக்கு முதுகுப்பக்கத் தசை முந்திக்கும், வயித்துப்பக்கத் தசை பின்தங்கும். நிக்க வெச்சா ஏன் சந்தோஷம்னா அங்க விறைச்சா போதும், அது அவனுக்கு கைவந்த வேலை. உக்காரணும்னா முன்னையும் பின்னையும் ரெண்டு பக்கமும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கணும், அதான் வரல, அதான் வில்லு மாதிரி பின்னாடி போறான். நிறைய லேட் ப்ரீடெர்ம் குழந்தைங்க கிட்ட இத பாக்குறோம், பெரும்பாலானவங்களுக்கு சரியாகிடும். ஆனா நிக்க வெச்சு நிக்க வெச்சு நாமளே அந்த விறைப்புக்கு பயிற்சி குடுக்க வேண்டியதில்ல, அந்த விளையாட்ட ஒரு ரெண்டு மாசத்துக்கு மறந்துடுங்க.

அதுக்கு பதிலா மடக்குற வேலையா குடுங்க. மல்லாக்க படுக்க வெச்சு இடுப்ப லேசா தூக்கி அவன் காலை அவனே பிடிக்கிற மாதிரி, வாய்ல வெக்கிற மாதிரி விடுங்க. ஒருக்களிச்சு படுக்க வெச்சு முன்னாடி பொம்ம போடுங்க, ரெண்டு கையும் நடுவுல சந்திக்கும். குப்புற போடுறது தினமும், உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது நாள் முழுக்க பிரிச்சு பிரிச்சு குறைஞ்சது 30 நிமிஷம், முழிச்சிருக்கிறப்போ, நீங்க பக்கத்துல இருக்கிறப்போ. அழுதா உங்க நெஞ்சு மேல போட்டுக்கோங்க, அதுவும் கணக்குல சேரும். இல்லனா ஒரு துண்ட சுருட்டி நெஞ்சுக்கு அடியில, கை ரெண்டும் துண்டுக்கு முன்னாடி வர மாதிரி. ரெண்டு நிமிஷம் ஒரு தடவ போதும், 15 தடவ செஞ்சா கணக்கு முடிஞ்சது. தூங்கறது எப்பவும் மல்லாக்க தான், அதுல மாத்தம் இல்ல.

உக்கார வெக்கறதுக்கு சுத்தி தலகாணி அடுக்காதீங்க, தலகாணி தான் உக்காந்திருக்கும், அவன் சும்மா சாஞ்சிருப்பான். உங்க மடியில உக்கார வெச்சு நெஞ்ச பிடிக்காம இடுப்ப பிடிங்க, மேல் உடம்ப அவன் பாத்துக்கட்டும், ஆடுவான், ஆடட்டும். அப்புறம் தரையில ரெண்டு கையும் முன்னாடி ஊனி தவள மாதிரி உக்காருவான், அது தான் முதல் படி.

கணக்கு விஷயத்துக்கு வரேன். உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட அளவுல பிடிமானம் இல்லாம உக்காருறது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம் வரை, தவழுறது 5.2ல இருந்து 13.5, தனியா நடக்கறது 8.2ல இருந்து 17.6. நிறை மாசக் குழந்தைங்கள வெச்சு எடுத்த அளவு, அதனால உங்க பையன கரெக்டட் வயசுல தான் பொருத்தணும். 6 மாசம் 7 நாள்ல உக்காரலன்னா அதுக்கு பேரு தாமதமே இல்ல. அந்த ஆய்வுலயே நூத்துக்கு 4 குழந்தைங்க முட்டிபோட்டு தவழவே இல்ல, ரெட்டைவால் அம்மாவோட ரெண்டாவது பொண்ணு மாதிரி. அமெரிக்காவுல சிடிசிங்கிற அரசு சுகாதார அமைப்பு, எந்த வயசுல குழந்தை என்ன செய்யணுங்கிற லிஸ்ட்ட 2022ல மாத்தினப்போ தவழுறதையே எடுத்துட்டாங்க, எங்க தொழில்ல நிறைய பேருக்கு அதுல கோவம், எனக்கும்தான், அது வேற கதை.

உக்காரலங்கிறத விட நீங்க போற போக்குல எழுதின ஒரு வரி தான் என்னை இவ்ளோ நீளமா எழுத வெச்சது. வலது பக்கம் மட்டும் உருளுறான், வலது கையால மட்டும் எடுக்கிறான். ஒரு வயசுக்கு முன்னாடி குழந்தைக்கு வலது கை இடது கைன்னு பழக்கம் வரவே கூடாது, ரெண்டு கையும் சமமா தான் போகணும். ஒரு கை முந்துதுன்னா இன்னொரு கை ஏன் பிந்துதுன்னு தான் கேக்கணும். வலது கைய ஒரு துண்டுக்குள்ள லேசா பிடிச்சுகிட்டு இடது பக்கம் பொம்மய காட்டிப் பாருங்க. இடது கை விரல் விரிஞ்சே இருக்கா, மூடி இருக்கா, கட்டவிரல் உள்ள மடங்கி இருக்கா? அவன் தலை எப்பவும் எந்தப் பக்கம் திரும்பி இருக்கு? பின்மண்டை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா? மேல இருந்து பாருங்க.

தேதிய கழிச்சா தாமதம் சரியாகும், ஒரு பக்கமா இருக்கிறது சரியாகாது. 5 வாரம் முன்ன பொறந்தான்னா ரெண்டு கையும் தான் 5 வாரம் பிந்தணும். இதுக்கு 9 மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே வேற ஒரு குழந்தை நல டாக்டர பாருங்க. பயப்பட சொல்லல, பாக்க சொல்றேன்.

ரெட்டைவால் அம்மா:

ஐயோ, நான் அந்த கை விஷயத்த கவனிக்கவே இல்ல, கவலப்படாதீங்கன்னு எழுதிட்டேனே. பிசியோ அக்கா சொல்றத கேளுங்க பனித்துளி, நான் சொன்னது கணக்குக்கு மட்டும்.

வேகம்77:

சரிங்க, வாக்கர் வாபஸ். அது மாடியில தான் கிடக்கு, உடைச்சுப் போட்டுடறேன்.

பனித்துளி:

எல்லாருக்கும் நன்றி. தூக்கம் தொலைச்சவன் அண்ணா, இரும்பு சொட்டு போய்ட்டு தான் இருக்கு, ரெண்டு மூணு நாள் விட்டுப் போயிருக்கு, அவ்ளோதான்.

அக்கா, நீங்க சொன்னத செஞ்சு பாத்தேன். வலது கைய பிடிச்சா அழறான், இடது கை வருது ஆனா மெதுவா, பொம்மய பாக்காமயே தடவுற மாதிரி. விரல் பாதி மூடி இருக்கு, இழுத்தா லேசா விரியுது, கட்டவிரல் வெளியில தான் இருக்கு. தலை எப்பவும் வலது பக்கம் தான் திரும்பி இருக்கு, இத நான் கவனிச்சதே இல்ல, எடுத்த போட்டோ எல்லாம் திறந்து பாத்தா மூணு மாசத்துல இருந்து எல்லாத்துலயும் அதே பக்கம். பின்மண்டை வலது பக்கம் கொஞ்சம் தட்டையா இருக்கு. தினமும் குளிப்பாட்டுற எனக்கே தெரியல பாருங்க. ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. நாளன்னைக்கு அப்பாயிண்ட்மெண்ட்.

பாய்விரிச்சவ:

உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, தினம் பாக்குறவங்க கண்ணுக்கு தான் இது கடைசியா தெரியும். தலை ஒரு பக்கமே இருக்குன்னா கழுத்துத் தசை இறுக்கமா கூட இருக்கலாம், அப்படின்னா கண்ணுக்கு எதிர்ல எப்பவும் வலது கை தான் இருக்கும், இடது கைய அவன் பாத்தே இருக்க மாட்டான். கழுத்து தான் காரணமா வேற ஏதாவதான்னு கையால தொட்டுப் பாத்து தான் சொல்ல முடியும், நான் யூகிக்கிறது சரியில்ல. அந்த போட்டோக்கள போன்ல எடுத்துட்டு போங்க, உருளுற வீடியோ ஒண்ணு, பொம்ம எடுக்கிற வீடியோ ஒண்ணு. டாக்டர் ரூம்ல போனா அவன் ஒண்ணும் செய்ய மாட்டான், அழுவான்.

பனித்துளி:

போய்ட்டு வந்தாச்சு. ரெண்டு தடவ போனோம், அதான் இத்தன நாள் எழுதல.

இந்த டாக்டர் அவன தரையில விட்டு முக்கா மணி நேரம் பாத்தாங்க. ஹேமர்ஸ்மித்னு குழந்தைங்களோட நரம்பு வளர்ச்சிய பாக்குற ஒரு பரிசோதனையாம், 26 விஷயம், மொத்தம் 78 மார்க், கண்ணு, கழுத்து, கைகால் தளர்ச்சி, தூக்கிப் பிடிச்சா எப்படி வெச்சுக்கிறான் எல்லாம், வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் இருந்தா அதையும் தனியா எழுதிக்கிறாங்க. இடது கழுத்துத் தசை நல்லா இறுகியிருக்கு, இடது காத தோள் பக்கம் இழுத்து முகத்த வலது பக்கம் திருப்பி வெச்சிருக்கு. இடது கையில விறைப்பு இல்ல, காலும் ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்குன்னாங்க. ஆனா கை விஷயம் முழுக்க கழுத்தாலதான்னு இப்பவே எழுதிக் குடுக்க மாட்டேன், 4 வாரம் கழுத்துக்கு பயிற்சி குடுத்துட்டு மறுபடி பாக்கணும், அப்பவும் இடது கை பிந்துனா மூளை ஸ்கேன் எடுத்துடலாம்னாங்க. அவங்க அப்படி சொன்னது ஒரு விதத்துல நிம்மதியா இருந்துச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பியிருந்தா நான் மறுபடி இங்க வந்து தான் அழுதிருப்பேன்.

இப்ப தினமும் ஒவ்வொரு தடவ டயப்பர் மாத்துறப்பவும் கழுத்து நீட்டுறது, கட்டில்ல தலை வெக்கிற பக்கத்த மாத்தியாச்சு, எல்லாரும் இடது பக்கம் இருந்து தான் கூப்பிடணும்னு வீட்டுல சட்டம். மாமியார் தான் ரொம்ப ஸ்ட்ரிக்ட், யாராவது வலது பக்கம் போய் நின்னா விரட்டுறாங்க. நிக்க வெக்கிறத நிறுத்தியாச்சு, அதுல தான் அவனுக்கு என் மேல கோவம்.

நேத்து குப்புற போட்டப்போ இடது கைய நீட்டி துண்டு நுனிய பிடிச்சு இழுத்தான். பிடிச்சானா மாட்டிகிச்சான்னு எனக்கே சந்தேகம், அதனால வீட்டுல யாருக்கும் சொல்லல.

அக்கா ஒரு கேள்வி, கழுத்து நீட்டுறப்போ பத்து விநாடிலயே அழறான், அழ விட்டு செய்யணுமா, விட்டுடணுமா?

பாய்விரிச்சவ:

விட்டுடுங்க. அழறப்போ தசை இன்னும் இறுகும், இழுக்கிறதுல பிரயோஜனம் இல்ல. பத்து விநாடி சிரிச்சுகிட்டு இருக்கிறப்போ, ஒரு நாளைக்கு பல தடவ. பால் குடிக்கிறப்போ இடது பக்கம் முகத்த திருப்புற மாதிரி பிடிச்சு குடுங்க, அப்போ அவனே நீட்டிக்குவான், உங்க கை படவே தேவையில்ல. அந்த துண்டையும் இன்னிக்கு மறுபடி அதே இடத்துல போட்டுப் பாருங்க.